நீ உயிரோடு இருந்த ஊருக்குப் போய்வந்தோம்

என் ஆசை நைனா,

போன வாரம்தான் ஜெர்மனியிலிருந்து திரும்பினோம். பட்டாபிராம் ஸ்டேஷனில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. அம்மாவுக்கு அதில் ஒரே சந்தோஷம். நம் வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் இப்போது மாடி வீடு எழும்புகிறது, செங்கல் லாரி வந்து தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. நீ இருந்திருந்தால் அந்த டிரைவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்திருப்பாய்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் மறுபடி சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

ஜெர்மனிக்காரனோடு நடந்த சண்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போன உன்னைக் காணவில்லை என்று நம் சொந்த ஊர் கள்ளிக்குப்பத்துக்குத் தந்தி வந்தது. பாலைவனத்தில் உன் லாரி எரிந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று ஊர் திரும்பிய ஒருத்தர் சத்தியம் செய்தார். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு, ஒரு மாசி மாதத்தில் உனக்குக் கருமாதி செய்து முடித்தார்கள். அம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. தாலியை இறக்கி, வெள்ளைப் புடவை கட்டிவிட்டார்கள். நீயோ பிடிபட்டு, இத்தாலி வழியாக ஜெர்மனிக்குப் போய், ஒரு பண்ணையில் கைதியாக மாடு பார்த்துக்கொண்டிருந்தாய். நீ எழுதிய கார்டு ஒன்றுகூட வீடு வந்து சேரவில்லை.

சண்டை முடிந்து நீயே வந்து வாசலில் நின்றாய். கோயிலில் வைத்து அவளுக்கு மறுபடி தாலி கட்டினாய். நாங்கள் எல்லாம் இரண்டாம் தாலிக்குப் பிறந்ததுகள் என்று எங்களைக் கிண்டல் செய்வாயே, நினைவிருக்கிறதா?

போன ஆடியில் ஆவடி தொழிற்சாலை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். அதற்குப் பிறகு நடந்த கூத்து உனக்குத் தெரியாது. கருமாதிக்கு முதல் நாள் பெரியப்பா, தாலி இறக்க ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்தார். அம்மா கழுத்தைக் காட்டவே இல்லை.

"ஒரு ஆளுக்கு எத்தினி வாட்டி எறக்குறது? அவருக்கு ஒரு வாட்டி எறக்கியாச்சி. போய் வேலையப் பாருங்க."

பெரியப்பா அன்றைக்கு எழுந்து போனவர்தான், நம் வீட்டுப் படி ஏறவில்லை. நான் அம்மா பக்கம்தான் நின்றேன். ஆனால் அவள் தைரியத்தில் செய்தாள் என்று நினைத்தது என் மடத்தனம். பயத்தில் செய்திருக்கிறாள். உயிரோடு இருந்தவனுக்குத் தாலியை இறக்கினோமே, அந்தப் பாவம்தான் சுற்றிவந்து உன்னை இத்தனை சீக்கிரம் கொண்டுபோய்விட்டது என்று தனியாக உட்கார்ந்து புலம்புவாள். முதல் கருமாதி செய்த அந்த மாசியில் அங்கே உனக்கு என்ன ஆனது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எங்களிடம் கதை கதையாய்ச் சொன்ன நீ, அவள் பக்கத்தில் வந்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாய். ஏன் நைனா? அவளுக்கு வலிக்கும் என்றா?

ஜெர்மனியில் லாரி கம்பெனியில் வேலை செய்கிற தம்பி செல்வம்தான் எங்கள் இருவருக்கும் டிக்கெட் அனுப்பினான். அவனுடைய பழைய காரில் ஹீட்டர் வேலை செய்யாது. புடவைக்கு மேல் அவன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தாள். ரயிலில் உன்னை ஏற்றி வந்த வழியை, நீ சொன்ன மலை, ஆறு, இரட்டைக் கோபுர சர்ச் என்று அடையாளம் பிடித்துப் போனோம். நீ முதலில் அடைபட்டிருந்த முகாமில் இப்போது முட்டைக்கோஸ் விளைகிறது. ஒவ்வொரு இடத்திலும் அம்மாவுக்கு ஒரே கேள்வி, மாசியில் இங்கேயா இருந்தார் என்று. இல்லம்மா, இன்னும் மேலே என்பான் செல்வம்.

மார்த்தாம்மா இருக்கிறார்கள் நைனா. உன் பண்ணைக்காரம்மா. முடி முழுக்க நரைத்துவிட்டது. உன் போட்டோவைக் காட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பிறகு எங்களைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய் ஒரு மாட்டைப் பார்த்து "நில்லு" என்றார்கள். அது நின்றது. நீ சொல்லிப் பழக்கியது, இன்றுவரை அந்த வீட்டு மாடுகளுக்கு அதே சொல்தானாம். அம்மா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று.

அம்மா தன் கேள்வியைக் கேட்டாள். செல்வம் அவர்கள் பாஷையில் சொன்னான். மார்த்தாம்மா யோசித்துப் பார்த்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் உனக்கு நோய்நொடி எதுவும் இல்லையாம். பனியை வாரித் தள்ளுவாய், பால் கேன் தூக்குவாய், இரண்டு தட்டு சாப்பிடுவாய், குளிருக்கு நீ குதிக்கிற குதியைப் பார்த்து வீடே சிரிக்குமாம்.

அம்மா அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நாங்க மார்ல அட்ச்சிகினு அயுதுகினு கீறோம், இவரு இங்க உருளக்கெயங்கு துன்னுகினு கீறாரு" என்றாள். கோபமா, நிம்மதியா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் மார்த்தாம்மாவின் விரலில் இருந்த மோதிரத்தைப் பார்த்து, வீட்டுக்காரர் எங்கே என்று அம்மா கேட்டாள். ரஷ்யப் பக்கம் சண்டைக்குப் போனவராம். காணவில்லை என்று அவர்களுக்கும் ஒரு தாள் வந்திருக்கிறது. அவ்வளவுதான், இன்றுவரை வேறு சேதி இல்லை. செத்ததற்கு அத்தாட்சி இல்லை என்று சர்ச்சில் அவருக்காக ஒரு பூசைகூட வைக்க விடவில்லையாம். உங்களவர் நிஜமாகவே திரும்பி வந்தாரா என்று அம்மாவைக் கேட்டார்கள். அம்மா தலையை ஆட்டினாள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

கார் கிளம்பி வெகுதூரம் வந்துவிட்டது. பிறகு அம்மா சொன்னாள்.

"அந்தம்மாவுக்கு ஒரு வாட்டி கூட வரல. எனக்கு வந்தாரு, முப்பது வருசம் இருந்தாரு. இன்னமும் வுட மாட்டேன்னு புடிச்சிகினு கீறது நாயமில்ல."

செல்வம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அம்மா தாலியைத் தானே கழற்றினாள். யாரும் பிடித்து உட்காரவைக்கவில்லை, யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள். நீ ஆடியில் போனாய் என்கிறார்கள். எனக்கு நீ போனது அந்தச் சாலையில்தான் நைனா. வாய்விட்டு அழுதேன்.

வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தெருவில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. சேதி போய், இனிமேல் பெரியப்பா வருவார், கையில் வெள்ளைப் புடவையோடு. அம்மா இன்று காலையிலும் குங்குமம் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனாள். அவளாக இறக்கி வைத்தது அவள் இஷ்டம். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு பொட்டைக்கூட யாரையும் எடுக்க விடமாட்டேன், பெரியப்பாவே ஆனாலும் வாசலோடு அனுப்பிவிடுவேன். இது உன்மேல் ஆணை.

உன் மூத்த பெண்,
ராணி