இரட்டைக் கோடு

அன்பின் உங்களுக்கு,

அனலைதீவுக்கு ஆய்வுக்கு வந்து நாற்பது நாளாகிறது. வீடு வீடாகப் போய்க் கொப்பியில் உறவுமுறைப் படம் வரைகிறேன். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கலியாணத்துக்கு நடுவில் இரட்டைக் கோடு. பிரிந்தவர்கள் என்றால் அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டவேண்டும்.

இன்று சறோஜினிதேவி அக்கா என் கேள்விகளை இடையில் நிறுத்தினார். "முதல் உம்மட குடும்பத்தைக் கீறும். பிறகு என்ர கதையைச் சொல்லுறன்" என்றார்.

உங்களை முக்கோணமாகவும் என்னை வட்டமாகவும் கீறி, நடுவில் இரட்டைக் கோட்டையும் போட்டேன்.

"அவர் எங்கை?"

"கனடாவிலை, அக்கா."

"எப்ப வருவார்?"

கொப்பியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இருப்புக்கொள்ளாமல் இரண்டு தரம் இறங்குதுறை வரை நடந்து திரும்பினேன். நாளை அதே கொப்பியோடுதான் போகவேண்டும்.

பேனையால் கீறிவிட்டேன். அழிக்க ஏலாது; வெட்டத்தான் ஏலும். வெட்டவா?

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து வட்டம்