ஓயாவில் போன கொன்சோல் சேர்வர்

2008 ஒக்டோபர் 14, செவ்வாய்

அப்பா என் கொன்சோல் சேர்வரை லயத்துக்குக் கீழே ஓடும் ஓயாவில் வீசிவிட்டார்.

கரவனெல்லயில் வேலை முடிந்து வந்தபோது, மேசையில் பழைய ரவுட்டர்கள் நான்கும் மட்டும் கிடந்தன. அந்த நான்கையும் ஒரே கணினியிலிருந்து இயக்க வைத்த பெட்டிதான் கொன்சோல் சேர்வர். இனி நெட்வேர்க் பரீட்சைக்குப் பழக, ஒவ்வொன்றுக்கும் வயரைக் கழற்றி மாட்ட வேண்டும்.

தோட்டத்து லயத்தைச் சோதிக்கப் பொலிஸ் வருவதாக அப்பாவிடம் யாரோ சொன்னார்களாம்.

"அத்தன வயரு தொங்குது புள்ள. குண்டுன்னு சொல்லி ஒன்ன ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிட்டா நான் எங்க போய்த் தேடுவேன்?"

"எனக்குத்தான் சிங்களம் தெரியுமே. வெளங்கப்படுத்தியிருப்பேன்ல?"

"சிங்களம் தெரியும். பேரு தமிழ்ப் பேருதானே?"

"சரி, வந்தாங்களா?"

"வந்தாங்க. வாசல்ல நின்னு ஐடென்டிட்டி கார்ட பாத்துட்டுப் போயிட்டாங்க."

உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை மாதம் தேடி வாங்கிய பெட்டி! அப்பா சாப்பிடாமலே படுத்துவிட்டார். நானும் எழுப்பவில்லை.

நான் வீட்டில் இருந்திருந்தால் தடுத்திருப்பேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போது அதை எழுத முடியவில்லை. ஜீப் சத்தம் கேட்டிருந்தால், அப்பாவுக்கு முன்னால் நானே அதைத் தூக்கிக்கொண்டு ஓயாவுக்கு ஓடியிருப்பேன்.