அட்டைப் படகில் யார் ஏறுவது

இன்றும் லிஃப்ட் பழுது பார்க்கும் டூட்டி. கிளம்புகிறேன். சோறு குக்கரில் இருக்கிறது. வண்டிச் சாவி ஆணியில்.

ஏரிப் பூங்காவில் நடக்கும் அட்டைப் படகுப் போட்டிக்குச் சீக்கிரம் போய்விடுங்கள். நானும் பாப்பாவும் செய்த படகை ஓரத்தைப் பிடித்துத் தூக்காதே. மடிப்பில் ஒட்டிய டேப் பிரிந்தால், அந்த வழியாகத்தான் தண்ணீர் அட்டைக்குள் ஊறும். துடுப்புப் போடுபவர் முட்டி போடாமல் படகின் தரையில் உட்கார வேண்டும். கனம் தாழ இருந்தால்தான் படகு கவிழாது.

எனக்குப் பதிலாக உன் அக்கா வீட்டுக்காரர் ஏறினால் படகு மூழ்கிவிடும் என்று நேற்று சொன்னேன். "அத்தான் என்ன யானையா? உங்களுக்கு வயித்தெரிச்சல்!" என்று சிரித்தாய்.

காலையில் அளந்து கணக்குப் போட்டேன். ஒரு படகு எவ்வளவு தண்ணீரை ஒதுக்குமோ அவ்வளவு கனத்தைச் சுமக்கும். அவரையும் தாராளமாகச் சுமக்கும்.

ஆக, வயிற்றெரிச்சல்தான். "பெரியப்பா வந்தா நாங்கதான் ஜெயிப்போம்!" என்று பாப்பா குதித்தாளே, அப்போதே பற்றிக்கொண்டது. இரண்டு வாரம் உட்கார்ந்து டேப் ஒட்டியவன் நான். வெற்றி மட்டும் சகலைக்கா?

தாளில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அவளோடு நீ ஏறேன். அவர் கரையில் நின்று போட்டோ எடுக்கட்டும்.

இன்னொன்று. அவள் அவரோடுதான் ஏறுவேன் என்று அடம்பிடித்தால் விட்டுவிடு. உட்காரும் விதத்தை மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடு. நான் சொன்னதாகச் சொல்.