மெழுகில் வைத்த துணுக்கு

அன்புள்ள அத்தைக்கு, மருமகள் மாராயி கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை பழகிவிட்டது.

நேற்று பரிசோதனைக்கு ஒரு அம்மா வந்திருந்தார். உங்கள் மகனுக்கு வந்த அதே நுரையீரல் கட்டிதான். ஆனால் முடி கொட்டவில்லை, தினம் ஒரு மாத்திரைதானாம். எப்படி என்று நர்ஸ் அனுராதாவிடம் கேட்டேன்.

“கட்டிக்குள்ள வளரு வளருன்னு ஓயாம ஒண்ணு சொல்லிட்டே இருக்குமுங்க்கா. மாத்திரை நேரா அதும்மேல போயி உக்காந்து வாயை அடைச்சிரும்.”

“அப்ப எல்லாருக்கும் குடுக்கலாமில்ல கண்ணு?”

“அந்த வகைக் கட்டியா இருக்கோணும். சதையைச் சோதிச்சாத்தான் தெரியும்.”

உங்கள் மகன் கட்டியில் எடுத்த துணுக்கை மெழுகில் வைத்து நம்மிடம் கொடுத்தார்களே, அதை இப்போதும் சோதிக்கலாமாம். அந்த மாத்திரை அவருக்குக் கேட்டிருக்குமா என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்து என்ன செய்வாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிற தம்பி கதிர்வேலிடம் கொடுத்தனுப்புங்கள், நம் மிளகும் ஒரு பிடி. அதுவரை அடுப்புக்கு மேலே பரணில் வேண்டாம், இன்றைக்கே இறக்கிவிடுங்கள். உருகிவிடும். அவர் உடம்பில் நம்மிடம் இருப்பது அது மட்டும்தான்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

மாராயி