தண்ணி வேண்டாங்கிறார்

செவ்வாய், ஜூலை 8

காலைலேர்ந்து தூறல். துணி காயலை. கேஸ் புக் பண்ணணும்.

சென்னையில இவர் வேலை பார்த்த ஆபீஸ்லேர்ந்து போன். ஆழ்கடலுக்குள்ள இறங்குற புதுக் கலத்துக்கு இவர் பேரை வைக்கிறாங்களாம். சனிக்கிழமை விழா, இங்கே பெங்களூர் ஹலசூருக்கே வண்டி அனுப்புறாங்களாம். "சார் போன ஆழத்துக்கு இன்னும் யாரும் போகலை மேடம்" னு ஒரே புகழ்ச்சி.

இவர்கிட்ட சொன்னேன். சில நாள் என் பேரே ஞாபகம் வராத மனுஷன், கலம், சனிக்கிழமை ரெண்டையும் கெட்டியா பிடிச்சுக்கிட்டார். முகமே மாறிடுச்சு. எனக்கும் சந்தோஷம்.

புதன்

காபி வேண்டாம். கஞ்சி வேண்டாம். தண்ணி ஒரு வாய், அதையும் துப்பிட்டார். வேலைக்கு வர்ற லக்ஷ்மம்மா குடுத்தாலும் பல்லைக் கடிச்சுக்கிறார். "நீரு பேடவந்தெ அம்மா", தண்ணி வேண்டாமாம்னு அவ பாவம் கன்னடத்துல என்கிட்ட வந்து புலம்பறா.

வாங்க வேண்டியது: ஓ.ஆர்.எஸ்., பாத்ரூம் பல்பு, இளநீர்.

இளநீரும் வேண்டாமாம்.

வியாழன்

உதடு வெடிச்சிருக்கு. பாத்ரூம் போய்ப் போய்ட்டு வர்றார், ஒண்ணும் வரலை. டாக்டரம்மா வந்து பார்த்தாங்க. கிட்னி ஏற்கெனவே வீக், இன்னிக்குள்ள குடிக்கலைன்னா அட்மிட் பண்ணியே ஆகணும். இந்த வயசுல அட்மிட் பண்ணா திரும்பி வருவாரான்னு கேட்டேன். சாயங்காலம் வரைக்கும் பாருங்கன்னு பையை மூடினாங்க.

கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். "நாளைக்கு இறங்கணும், விடு" ங்கிறார். எங்கே இறங்கணும்? ஒண்ணும் விளங்கலை.

முன்னே இவர் கடல்ல இறங்குற நாளெல்லாம் போன் பக்கத்துலேயே உட்கார்ந்திருப்பேன். அதே நடுக்கம் இப்ப. ஆள் என்னமோ எதிர்லயேதான் இருக்கார்.

மதியம். இவரோட கூடவே இறங்கின பாலுவுக்குப் போன் போட்டேன். கேட்டதும் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கலத்துக்குள்ள பாத்ரூம் கிடையாது, நாள் பூரா காலை மடக்கி உட்காரணும். அதனால முந்தின நாளே தண்ணியை நிறுத்திடுவாங்களாம். கப்பல்ல நடக்கிறது, வீட்ல இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? விழான்னு சொன்னதைக் கடல்ல இறங்குற நாள்னு நினைச்சுட்டார், அப்ப இவருக்கு தினமும் நாளைக்குத்தான் சனிக்கிழமை. ஐயோ.

ரத்தாயிடுச்சுன்னு சொல்லிடவான்னு கேட்டேன்.

"வேண்டாம் அண்ணி. ரத்துன்னா மறுநாளைக்குத் தள்ளிட்டாங்கன்னு நினைப்பார், மறுபடியும் குடிக்க மாட்டார். மேலே வந்தாச்சுன்னு சொல்லுங்க. வந்ததும் முதல்ல தண்ணிதான் கேட்போம்."

சாயங்காலம். ஜன்னல் எல்லாத்தையும் திறந்து வச்சேன். தோள்ல டவலைப் போர்த்தினேன். டம்ளர்ல தண்ணி எடுத்துக்கிட்டேன். இதுவும் பலிக்கலைன்னா ஆம்புலன்ஸ்தான்.

"மேலே வந்தாச்சுங்க. மூடியைத் திறந்துட்டாங்க" ன்னேன்.

நல்லா மூச்சை இழுத்தார். சுத்திமுத்திப் பார்த்தார். பாலு எங்கேன்னார். அவரும் பத்திரமா வந்துட்டார்னேன். டம்ளரை அவரே வாங்கிக்கிட்டார். இன்னொண்ணு கேட்டு வாங்கிக் குடிச்சார். அப்புறம் என் கையைப் பிடிச்சவர் விடவே இல்லை.

"ரொம்ப பயமா இருந்துச்சு சரசு. ஒவ்வொரு தடவையும்."

இத்தனை வருஷக் குடித்தனத்துல இப்பத்தான் வாயைத் திறந்து சொல்றார். எனக்கும்தாங்கன்னேன்.

வெள்ளி

இட்லி ரெண்டு, காபி. ஒண்ணுக்குப் போனார். சாமிக்கு விளக்கேத்தினேன்.

சென்னைக்குப் போன் பண்ணி விழாவுக்கு வரலைன்னுட்டேன். மேடம் மேடம்னு விடாம கெஞ்சறாங்க. பேரை வச்சுக்குங்க, ஆளை விட்டுடுங்கன்னேன்.