பத்து நிமிடம் செல்லும் எண்

தல்லாகுளம், மதுரை
5-1-2026

அக்காவுக்கு,

முத்துக்குமரன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கருப்பசாமி கோயிலில் சூடத்தை அணைத்து நீ செய்த சத்தியம் எனக்கு மறக்கவில்லை. நமக்குள் வாய்ப்பேச்சு இல்லை, ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை, நடுவில் யாரையும் தூது விடுவதில்லை. மூன்றையும் இரண்டு வருடமாக மதித்துத்தான் நடக்கிறேன். கடிதம் அந்த மூன்றில் வரவில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயம் சத்யப்ரியாவுடையது. உனக்கு மகள், எனக்கு மனைவி. அவளுக்கு நம் இரண்டு பேரை விட்டால் கேட்க ஆள் இல்லை என்பதால் நேரே சொல்கிறேன். அவள் எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் இன்டர்நெட்டில் அவள் பெயரில் உள்ள கணக்கில் இருக்கின்றன. அவள் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டியவன், போன வாரம்தான் எடுத்தேன். பேட்டரி உப்பி, முதுகு பிளந்து கிடக்கிறது. பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார். சரி, வேறு போனில் கணக்கைத் திறக்கலாம் என்று பார்த்தால், பாஸ்வேர்டு மட்டும் போதாதாம். அவள் கொடுத்து வைத்திருக்கும் எண்ணுக்கு ஒரு ஓடிபி போகுமாம். அது உன் எண், அக்கா. காலேஜில் அவள் கணக்குத் தொடங்கியபோது வீட்டில் இருந்த ஒரே போன் உன்னுடையது. அப்புறம் அதை மாற்ற வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருடம் திறக்காத கணக்கை அந்தக் கம்பெனி அழித்துவிடும். அவள் கடைசியாகத் திறந்தது 2024 பிப்ரவரி 20. இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது.

வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உன் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். உடனே நான் கூப்பிடுவேன். எடுத்து அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு. நலமா என்றுகூட நான் கேட்கமாட்டேன்.

தம்பி
முத்துக்குமரன்


டி. கல்லுப்பட்டி
12-1-2026

முத்துக்குமரனுக்கு அன்னக்கொடி எழுதுவது.

கடுதாசியைக் கிழிக்கவில்லை. பூசாரி பேயாண்டியிடம் கொண்டுபோய்க் காட்டி, இதற்குப் பதில் எழுதினால் தப்பா என்று கேட்டேன். "இந்தக் காலத்துல எவன் கடுதாசி எழுதுறான்னு அன்னைக்கு நாமளும் அதச் சொல்லாம விட்டுட்டோம். எழுதிக்க தாயி" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி பத்து மணிக்கு மெசேஜ் வந்தது. பின்னாலேயே உன் போனும் வந்தது. எடுக்கவில்லை. எண்ணைச் சொல்வதும் வாயால்தானே. மெசேஜில் இங்கிலீஷில் என்னவோ இருந்தது. பக்கத்து வீட்டுச் சோலையிடம் காட்டினேன். "இத எவன் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கு சின்னம்மா" என்றாள். நீ அந்த எவனில் சேர்த்தியா இல்லையா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். பிள்ளையின் முகத்துக்காக எழுதுகிறேன்.

4 1 9 0 6 3

எனக்கு இந்த மிஷின்களின் மேல் நம்பிக்கை கிடையாது. முப்பது வருடம் சத்துணவுக் கூடத்தில் சமைத்து என் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் விரலை வைத்தால், நான் அன்னக்கொடி இல்லை என்கிறது மிஷின். கடைக்காரருக்கு என்னைத் தெரியும், வரிசையில் நிற்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். அதற்கு மட்டும் தெரியாதாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று காலை பதினொரு தடவை போன் அடித்தாய். என் மகள் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு தடவை அடித்திருக்கலாம்.

அன்னக்கொடி


தல்லாகுளம்
17-1-2026

அக்கா,

உன் கடிதம் பொங்கல் முடிந்து நேற்றுதான் வந்தது. அந்த எண் பத்து நிமிடம்தான் செல்லும். தபாலில் நாலு நாள் வந்திருக்கிறது. தெரிந்தும் போட்டுப் பார்த்தேன். காலாவதி என்றது.

என் இ-சேவைக் கடைக்குத் தினம் ஐம்பது பேர் வருகிறார்கள். பட்டா, வருமானச் சான்று, ஓய்வூதியம் என்று எது கேட்டாலும் ஓடிபி வேண்டும். "அந்த நம்பரு மருமகன்ட்ட இருக்கு, அவரு திருப்பூர்ல இருக்காரு" என்பார்கள். "இதுகூடத் தெரியாம எதுக்குய்யா வந்தீங்க" என்று சத்தம் போட்டிருக்கிறேன். இப்போது யாரையும் திட்டுவதில்லை. உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டுகிறேன்.

நாலு நாள் சொல்லாமல் இருந்தது என் தப்புதான். "அம்மா பயந்துக்கும் மாமா, காய்ச்சல் விடட்டும், சொல்லுவோம்" என்று அவள் சொன்னாள். நான் கேட்டிருக்கக் கூடாது. நீ வந்து சேர்ந்தபோது அவளால் பேச முடியவில்லை. அதற்காக நீ என்னை எவ்வளவு வெறுத்தாலும் தகும்.

முதல் கடிதத்தில் சொல்லத் தைரியம் வராத ஒன்றை இதில் சொல்கிறேன். 20ஆம் தேதி மத்தியானம், உள்ளே வேறு அறைக்கு மாற்றுவதற்கு முன்னால், போனில் உனக்கென்று ஒரு வீடியோ பேசி எடுத்தாள். இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி. உன் பட்டன் போனில் வீடியோ போகாது என்பதால், மறுநாள் நீ வரும்போது நேரில் காட்டலாம் என்றிருந்தோம். மறுநாள் நடந்தது உனக்குத் தெரியும். காரியம் முடிந்த கையோடு நீ கோயிலுக்குப் போய்விட்டாய்.

அது அந்தக் கணக்கில் இருக்கிறது. அதற்காகத்தான் கேட்கிறேன்.

முத்துக்குமரன்


டி. கல்லுப்பட்டி
22-1-2026

முத்துக்குமரனுக்கு,

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. என்னிடம் பேச என் பிள்ளை வைத்துவிட்டுப் போனதை நீ பீரோவில் பூட்டி வைத்திருந்திருக்கிறாய். நானும் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று இங்கே வீறாப்பாக இருந்திருக்கிறேன். யாரை நொந்துகொள்வது.

போனை எடுக்க மனது துடிக்கிறது. ஆனால் அணைத்த சூடத்துக்கு மாறாக நடந்து, உனக்கு ஒன்று ஆகிவிட்டால்? என் கூடப் பிறந்தவன் என்று மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான்.

யோசித்து ஒரு வழி வைத்திருக்கிறேன். 31ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீ எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் வடக்குப் பக்க டீக்கடையில் உன் போனோடு உட்கார்ந்துகொள். நான் எதிர்த்தாற்போல் புளியமரத்தடியில் நிற்கிறேன். என்ன சமையல் என்று எழுதிப் போடும் பலகை ஒன்று என்னிடம் இருக்கிறது. எண் வந்ததும் சாக்பீஸால் பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டுகிறேன். பஸ் ஸ்டாண்டு யார் வாசலும் இல்லை. பேச்சும் இல்லை, தூதும் இல்லை. பேயாண்டி சரி என்று சொல்லிவிட்டார்.

கண்ணாடியை மறக்காமல் போட்டுக்கொண்டு வா.

அன்னக்கொடி


தல்லாகுளம்
2-2-2026

அக்கா,

நீ இளைத்துவிட்டாய். இரண்டு வருடத்துக்குப் பிறகு பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

அன்று நீ பலகையைத் தூக்கியபோது ராஜபாளையம் பஸ் குறுக்கே வந்து நின்றதே, அதற்குள் நேரம் போய்விட்டது என்றுதான் நீ நினைத்திருப்பாய். அதனால் இல்லை. பஸ் நகர்ந்ததும் எட்டாவது நிமிடத்தில் எண்ணைப் போட்டுவிட்டேன். எண் சரி என்று ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம் இன்னொரு பக்கம் வந்தது. புதுப் போன், புது இடம், இதற்கு முன் பல தடவை முயன்றிருக்கிறீர்கள், ஆகவே இந்தக் கணக்கு உங்களுடையதுதான் என்று எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை என்று போட்டிருந்தது. நான் தலையை ஆட்டியதும் நீ பலகையை இறக்காமல் அப்படியே நின்றாய். வெயிலில் இருபது நிமிடம் நின்றாய். வந்து பலகையை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

ஊருக்கு வந்து கடையிலிருந்து மறுபடி பார்த்தேன். இப்போது எண் அனுப்பவே மாட்டேன் என்கிறது. இறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை, ஆதார் எல்லாவற்றையும் வைத்துக் கம்பெனிக்கு எழுதினேன். நாலு விநாடியில் பதில் வந்தது. நாலு விநாடியில் எந்த மனிதனும் ஒரு இறப்புச் சான்றை வாசிக்க முடியாது. திட்டுவதற்குக்கூட அந்தப் பக்கம் ஒரு ஆள் இல்லை, அக்கா. தாலுகா ஆபீஸில் எவ்வளவுதான் இழுத்தடித்தாலும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கும்.

தினம் காலையில் கடை திறந்ததும் ஒரு தடவை முயல்கிறேன்.

முத்துக்குமரன்


தல்லாகுளம்
21-2-2026

அக்கா,

நேற்று வரை, எண் அனுப்ப மாட்டேன் என்றாவது சொல்லிக்கொண்டிருந்தது. இன்று காலை அவள் பெயரைப் போட்டால், இப்படி ஒரு கணக்கு இல்லை என்று வருகிறது.

என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை.

முத்துக்குமரன்


டி. கல்லுப்பட்டி
23-2-2026

தம்பி முத்துக்குமரனுக்கு,

படித்தேன். ஒரு முறை அழுது முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மிஷினில் இருந்தது போனால் போகட்டும். அதைப் பார்த்தவன் நீ இருக்கிறாயே. இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி என்று அளந்து சொல்கிறவனுக்கு, அவள் பேசியது மறந்திருக்குமா? என்னென்ன சொன்னாள், எந்த இடத்தில் இருமினாள், எல்லாவற்றையும் உன் வாயால் எனக்குச் சொல்ல வேண்டும். கடுதாசியில் எழுதிவிடாதே. எனக்குக் காதால் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ச் சத்தியத்தை இறக்கப் போகிறேன். பூசாரியிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் உன் வீட்டுக்கு வாரேன். அவள் படுத்த கட்டிலை அசைக்காமல் வைத்திரு.

அக்கா
அன்னக்கொடி


தல்லாகுளம்
26-2-2026

அக்கா,

இந்தக் கடிதம் நீ கோயிலுக்குப் போவதற்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நான் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை.

"அம்மாகூடப் பேசணும், நீங்க வெளிய இருங்க மாமா" என்று அவள் என்னை அனுப்பிவிட்டாள். இளநீர் வாங்கிக்கொண்டு திரும்பியபோது முடித்துவிட்டிருந்தாள். காரியம் முடிந்த மறுநாள் போனைத் திறந்தேன். வரிசையில் அது நின்றது. ஓரத்தில் நேரம் போட்டிருந்தது. முதல் படம் மட்டும் தெரிந்தது, வாய் பாதி திறந்தபடி. நான் அழுத்தவில்லை. நான்தான் தாமதம் செய்துவிட்டேன் என்று அவள் உன்னிடம் சொல்லியிருப்பாளோ என்று பயந்தேன். துக்கத்தில் போனைப் பூட்டி வைத்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். துக்கம் இல்லை, பயம்.

நீ வந்து உட்கார்ந்து கேட்டால் எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லியிருப்பேன். நீயும் நம்பியிருப்பாய். இரண்டு நாள் அப்படித்தான் யோசித்து, என்னென்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்தேன். அவள் கட்டில் இங்கேதான் கிடக்கிறது. அதன் மேல் உட்கார்ந்து அந்தத் தாளை வாசிக்க முடியவில்லை.

சத்தியத்தை இறக்க வேண்டாம். அதற்கு நான் தகுதியானவன் இல்லை.

முத்துக்குமரன்


டி. கல்லுப்பட்டி
1-3-2026

தம்பி,

உன் கடுதாசி நேற்று மத்தியானம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே எலுமிச்சம்பழம் அறுத்து, சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சாமியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். ஒரு ஆளுக்கு எதிராகச் செய்த சத்தியத்தை இறக்கினால், அதே ஆளுக்கு எதிராக மறுபடி செய்ய முடியாதாம். ஆகவே இனி உன்னோடு பேசாமல் இருக்க எனக்கு வழி இல்லை.

இன்றைக்குப் பஸ் ஏறவில்லை. கோபம் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கும். ஆனால் நீ ஒன்றுக்குப் பயந்திருக்க வேண்டாம். உன்னைக் குறை சொல்ல உட்கார்ந்தால் அவளுக்கு இரண்டு நிமிடம் பத்தாது. அது உனக்கே தெரியும்.

வாய் பாதி திறந்திருந்தது என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் முதல் வார்த்தை எதுவென்று எனக்குத் தெரியும். மீதி உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இனிமேல் தெரியப்போவதும் இல்லை.

இந்த ஊரிலும் அந்த ஊரிலும் அந்தப் படத்தைப் பார்த்த கண் உன் கண் ஒன்றுதான். தலையை யாராவது வாரி விட்டிருந்தார்களா? ஒற்றைச் சடையா, இரட்டைச் சடையா? பொட்டு வைத்திருந்தாளா? அதையாவது சொல். இட்டுக்கட்டாமல் சொல்.

கடுதாசி கிடைத்ததும் கூப்பிடு. போன் என் மடியில்தான் இருக்கிறது, எடுக்கிறேன்.

அக்கா
அன்னக்கொடி