அவித்தாலும் அது கோதுமை மாதான்

நிவித்திகல,
தேயிலைத் தொழிற்சாலைக் குவாட்டஸ்.

அன்பு மகள் கேஷானிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம், மழைதான் விட்டபாடில்லை. நீ அங்கே சுகமா என்று கேட்டுத்தான் தொடங்கவேண்டும், ஆனால் கேட்கப்போவதில்லை, கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், லேப்பில் தலைசுற்றி விழுந்த அன்றைக்கும் அதைத்தான் சொன்னாய். போனில் நான் வாயைத் திறந்தாலே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். இந்தக் கடிதம் பார்சலுக்குள் அரிசிமா டின்னின் மூடியில் டேப் போட்டு ஒட்டிக் கிடக்கும், மா வேண்டுமானால் இதைப் பிய்த்துத்தான் ஆகவேண்டும்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. இரண்டாம் ரோலரின் பெயரிங் மறுபடியும் போய்விட்டது, புதியது வாங்கித்தாருங்கள் என்றால் துரை பழையதையே கழற்றிக் கழுவிப் போடச் சொல்கிறார். மேல் டிவிஷன் ரோட்டில் மண் சரிந்து லொறி வராமல் கொழுந்து கிடந்து சூடாகிவிட்டது, அதற்கும் என்னைத்தான் பார்க்கிறார்கள், மலையை நான் இழுத்துவிட்டது போல. உனக்குக் கோதுமை ஆகாது என்று டொக்டர் சொன்னதிலிருந்து அம்மா ரொட்டி சுடுவதை விட்டுவிட்டாள். பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருக்கும்போது இங்கே எதற்கு இந்த விரதம் என்று கேட்டேன். "அந்தச் சட்டியில கோதம்ப மாவு ஊறிக் கெடந்தா அவ லீவுல வர்றப்ப நான் என்ன தலையிலயா தோச சுடுறது" என்கிறாள். இரண்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் இல்லாமல் காலை ஷிஃப்டுக்குப் போகாத ஆள் நான், இப்போது அவித்த மரவள்ளியைத் தின்றுவிட்டுப் போகிறேன். இங்கே நாங்கள் இப்படிக் கிடக்க, நீ அங்கே என்ன செய்கிறாய் என்பதுதான் என் கோபம்.

நீ விழுந்தாய் என்று தெரிந்ததும் உன் போர்டிங் புனிதவதி அம்மாவுக்கு நான் போன் எடுத்தேனே, அவர் முதலில் என் குரலைக் கேட்டு "நீங்கள் பிள்ளையின்ர அண்ணாவோ" என்றார். இல்லை, அப்பன் என்றேன். பிறகு நான் கேட்காமலே சொன்னார், "உங்கட மகளுக்கு நான் பாணைக் கண்ணிலயும் காட்டிறேல்லைத் தம்பி, காலமையும் இரவும் புட்டும் இடியப்பமும்தான், கோதம்ப மாவை நல்லா அவிச்சு அரிச்சுப்போட்டு அரிசி மாவோட அரைக்கரைவாசி கலந்து குழைச்சனெண்டால் பஞ்சு மாதிரி இருக்கும்." எனக்குக் காது அடைத்துவிட்டது. கோதுமை மா கூடாதே அம்மா என்றதற்கு, "பச்சை மாதான் கூடாது, அவிச்ச மா காய்ச்சல்காரருக்கும் குடுக்கிறது, ஒண்டும் செய்யாது" என்று சொல்லி உன்னைக் கூப்பிட்டுப் போனைத் தந்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை, பாண் ரொட்டி கூடாது என்று மட்டும் நீ சொன்னாய், அவர் அதை அப்படியே காப்பாற்றுகிறார். ஆனால் நீ முற்றத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்தி என்ன சொன்னாய்? "தெரியும்பா. எனக்குன்னு அவங்க விடிய எந்திரிச்சு அவிக்கிறாங்க, எப்படிப்பா வேணாங்கிறது, தோட்டத்துப் புள்ளைக்கு இவ்வளவு எடுப்பான்னு நெனச்சுட்டா?" அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. தெரியாமல் தின்றிருந்தால் மன்னித்திருப்பேன். நீ ஊரார் இரத்தத்தை எடுத்துச் சோதிக்கப் படிக்கிறவள், உன் இரத்தத்தில் இரும்பு ஏன் ஏறவில்லை என்று தெரிந்துகொண்டே தினம் இரண்டு வேளை அதற்கான காரணத்தையே சாப்பிட்டுவிட்டுக் கைகழுவுகிறாய்.

மறுபடி சொல்கிறேன், எரிச்சலோடுதான் சொல்கிறேன். சீலியாக் நோய் என்றால் கோதுமையில் இருக்கிற குளூட்டன் உள்ளே போனதும் உன் உடம்பு உன் குடலையே அடிக்கத் தொடங்கும். குடலின் உட்பக்கம் டவலின் நூல்போல் எழும்பி நிற்கிற சதை எல்லாம் தேய்ந்து மழுங்கிவிடும், உறிஞ்சுகிற இடமே இல்லாமல் இரும்பு மாத்திரையை விழுங்கி என்ன பயன். ஆவியில் அவித்தால் பூச்சி புழு சாகும், குளூட்டன் சாகாது, அவித்தாலும் வறுத்தாலும் பொரித்தாலும் அது கோதுமை மாதான். கொஞ்சம்தானே என்பதும் கிடையாது. ரோலருக்குள் ஒரே ஒரு நட்டு விழுந்தால் சின்ன நட்டுதானே என்று யாராவது சுவிட்சைப் போடுவார்களா? போன வாரம் டவுனில் சிங்களக் கடைக்காரரிடம் ஆப்பம் வாங்கப்போய், இதில் திரிங்கு பிட்டி, அதாவது கோதுமை மா, இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே "டிக்காய் மாத்தயா" என்றார், கொஞ்சம்தானாம், மொறுமொறுப்புக்காம். உலகம் முழுக்க இந்த டிக்காய்தான். இராஜகுமாரி அத்தை வேறு வாராவாரம் வந்து, "புள்ளைக்குப் பத்தியம் எப்ப முடியுது" என்று கேட்கிறாள். முடியாது, இது பத்தியம் இல்லை, இனி இதுதான் சாப்பாடு என்று எத்தனை தரம் சொன்னாலும், பாவம் கல்யாண வீட்டில் என்ன செய்வாள் என்று அழுகிறாள். நீயும் அவளைப்போல் நாள் எண்ணிக்கொண்டு இருக்காதே.

அரிசிமா என்று பெயர் இருப்பதையெல்லாம் நம்பாதே என்பதற்குத்தான் இவ்வளவும். உங்கள் பக்கத்துத் தோசைக்கும் கோதுமை மா போடுகிறார்கள், கடைக் குரக்கன் ரொட்டியில் பாதி கோதுமை. உளுந்துவடை தின்னலாம், ஆனால் கோதுமை மா ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் போட்டதென்றால் வேண்டாம். கடைச் சோற்றுக்கு ஊற்றுகிற சோயா சோஸில் கோதுமை இருக்கிறது, கட்டிப் பெருங்காயத்தில் இருக்கிறது, மோல்ட் போட்ட பால்மாவில் பார்லி இருக்கிறது, அதிலும் குளூட்டன்தான். அதனால்தான் பெருங்காயம் போடாத ரசப்பொடி அனுப்புகிறாள் அம்மா, வாசம் இல்லை என்று முகத்தைச் சுளிக்காதே. கோயிலில் ரவைக் கேசரி தந்தால் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குக் கொடு, சாமி உன் பிளட் ரிப்போட்டைப் பார்த்துவிட்டுக் கோபிக்காது. பார்சலில் இருக்கிற சிவப்பரிசி மாவை மில்லுக்கு அனுப்பவில்லை, அங்கே அதே மெஷினில் சத்துமாவுக்குக் கோதுமை அரைக்கிறார்கள், மோட்டர் எரிந்து கிடந்த நம் கிரைண்டருக்குப் புதுக் கம்பி சுற்றித் திருத்திப் பின்னறையில் நானே அரைத்தேன், அம்மா வறுத்து அரித்தாள், வீடு முழுக்கச் சிவப்புத் தூசி. புது இடியப்ப உரல், புட்டுக்குழல், அரிதட்டு மூன்றும் உனக்கு மட்டும். அரிதட்டின் கண்ணுக்குள் ஏறின மா எவ்வளவு கழுவினாலும் போகாது, அதனால் பழைய அரிதட்டில் இந்த மாவை அரிக்கவே கூடாது. இந்த மா தீர்ந்தால் அடுத்த டின் வரும்வரை இரவிலும் சோறு கேள், வாயைத் திறந்து கேள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தில் அர்த்தமில்லை. நீ முற்றத்திலிருந்து பேசிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாய், நான் வைக்கப்போனேன், புனிதவதி அம்மா வைக்கவிடவில்லை. "தம்பி, நானென்ன குறை விட்டனான் எண்டு விளங்கேல்லை, என்ர கையால சாப்பிட்டுப் பிள்ளை இப்பிடி மெலியிறாளே, ஒரு நீத்துப்பெட்டி புட்டுக் கூட வைச்சுப் பார்க்கிறன்" என்றார், அழுகிற குரல். விளங்குகிறதா? நீ மெலிய மெலிய அவர் கூடக்கூட வைக்கிறார், அவர் கூட வைக்க வைக்க நீ இன்னும் மெலிகிறாய். அவருடைய மனம் நோகக்கூடாது என்று நீ வாயைப் பொத்தியிருக்கிறாய், அவரோ தன் கையில் ஏதோ பிழை என்று நொந்துபோயிருக்கிறார். நீ காட்டுகிற மரியாதை அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. எடுப்பு என்று நினைக்கிற மனுஷி இப்படி அழமாட்டார். அப்போதே உடைத்துச் சொல்ல எனக்கு நாக்கு அரித்தது, நானே சொல்றேன்பா, நீங்க சொல்லாதீங்க என்று நீ கெஞ்சினதால் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன்.

அடுத்த மாதம் கிளினிக்கில் திரும்ப இரத்தம் எடுப்பார்கள். இந்த முறையும் ஏறவில்லையென்றால் செமஸ்டரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்வேன் என்று டொக்டர் உன் முகத்துக்கு நேரே சொன்னதை மறக்காதே. நீ படிப்பை விடுவதற்கு ஒரு காரணம் இருக்கலாம், புட்டு வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டது அந்தக் காரணமாக இருக்கக்கூடாது. டின்னை எடுத்துக்கொண்டு நேரே குசினிக்குப் போ, அவருக்குப் பக்கத்தில் உட்கார், அவித்தாலும் எனக்கு ஆகாது அம்மா, இந்த மாவில் குழைத்துத் தாருங்கள் என்று சொல். அவ்வளவுதான் வசனம். கூடவே நின்று குழைக்கப் பழகு, வெறும் அரிசிமாவுக்குத் தண்ணீர் நன்றாகக் கொதித்திருக்கவேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, அம்மா சிவனொளிபாத மலை இருக்கிற பக்கம் பார்த்துத் தினமும் கும்பிடுகிறாள். பார்சல் வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்திருக்கும். சனிக்கிழமை நான் புனிதவதி அம்மாவுக்குப் போன் எடுப்பேன், உன்னைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அவர் என்னைத் திட்டவேண்டும், இதை முதலே சொல்லித் துலைச்சிருக்கலாமே தம்பி என்று நன்றாகத் திட்டவேண்டும். அந்தத் திட்டு விழுந்தால்தான் நான் அன்றைக்குத் தூங்குவேன்.

இப்படிக்கு,
அந்தத் திட்டுக்குக் காத்திருக்கும் உன் அப்பா,
சதீஸ்